தாத்தாவின் காலண்டரில் சிவப்பு வட்டங்கள்

வில்லிவாக்கத்தில் இரண்டாவது மாடி வீடு. சமையலறைக் கதவை ஒட்டி மளிகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் போடாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் வந்த நாளுக்கு ஒரு ‘கே’. இரண்டும் பாட்டியின் கையெழுத்து.

அவற்றுக்கு நடுவே அங்கங்கே சிவப்பு மையில் வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும். ‘கிரீம்ஸ் ரோடு, 5.30.’ ‘அடையாறு, திறப்பு விழா.’ ‘கடைசி நாள், விடக் கூடாது.’ அது தாத்தாவின் வேலை. சென்னையில் அந்த மாதம் திறக்கப்போகிற ஓவியக் கண்காட்சிகளின் பட்டியல் அது.

“ஊர்ல மாட்டியிருக்கிற படமெல்லாம் இவரு வரணும்னு காத்துக்கிட்டு இருக்கு” என்பார் பாட்டி.

தாத்தாவுக்கு 68 வயது. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்குக்காரர் என்பதால் கண்காட்சிக்குப் போவதிலும் ஒரு கணக்கு உண்டு. மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறார்கள். ஒரு பஸ்ஸில் போய்வர இரண்டு. ஆக, மாதத்துக்கு ஐந்து கண்காட்சி. ஆறாவது வந்தால் யோசிப்பார். இரண்டு பஸ் மாற வேண்டிய இடமென்றால் இன்னும் கொஞ்சம் யோசிப்பார். யோசித்துவிட்டு டிக்கெட் வாங்கிப் போய்விடுவார்.

ஆனால், பணியில் இருந்தவரை அவர் ஒரு கண்காட்சிக்கும் போனதில்லை. அலுவலகம் அண்ணா சாலைப் பக்கம். கிரீம்ஸ் ரோட்டில் இருக்கும் லலித் கலா அகாடமி வாசலை எத்தனை முறை கடந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் பேனர் கட்டியிருக்கும். படித்துக்கொண்டே நடப்பார். ‘அங்கெல்லாம் பெரிய மனுஷங்க போவாங்க. படம் வாங்குறவங்க போவாங்க. நமக்கென்ன?’ என்று ஒரு நினைப்பு.

ஓய்வு பெற்ற வருடம், பாட்டியை ஒரு பரிசோதனைக்காக அந்தப் பக்கம் இருந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார். உள்ளே அழைத்துப்போன நர்ஸ், “ரெண்டு மணி நேரம் ஆகும்” என்றார். வெளியே நல்ல வெயில். நிழல் தேடி நடந்தவர் அந்த கேட்டின் முன்னால் வந்து நின்றார். காவலாளியிடம் தயங்கிக் கேட்டார்.

“உள்ளே போக எவ்வளவுங்க?”

“டிக்கெட்டெல்லாம் இல்லைங்க. போய்ப் பாருங்க.”

37 வருட சர்வீஸில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. அங்கிருந்துதான் சிவப்பு வட்டம் தொடங்கியது.

இந்த விவரமெல்லாம் அவர் போய்ப் போய்த் தெரிந்துகொண்டவை. லலித் கலா அகாடமி 1954-ல் மத்திய அரசு தொடங்கிய அமைப்பு. அதன் சென்னை மையத்தின் கூடங்களை ஓவியர்கள் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைக்கலாம். ஒரு வாரம் போலப் படங்கள் இருக்கும், பிறகு அடுத்தவர் வருவார். அதனால் ஒரே கட்டடத்துக்கு மாதம் மூன்று முறை போனாலும் மூன்றும் புதிது. தனியார் கேலரிகளில் ஒரு கண்காட்சி சில வாரங்கள்கூட நீடிக்கும். அங்கேயும் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. கதவு மூடியிருந்தாலும், ஏ.சி-க்காக மூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம்.

திறப்பு விழா என்றால் ஐந்தரைக்குக் குத்துவிளக்கு. சிறப்பு விருந்தினர் வர ஆறு ஆகும். இரண்டு பேர் பேசுவார்கள். பிறகு டீ, பிஸ்கட், சில இடங்களில் சமோசா. அந்தக் கூட்டத்தில் படத்தைப் பார்க்க முடியாது, மனிதர்களைத்தான் பார்க்க முடியும். படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாம் நாள் மதியம் போக வேண்டும். கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஓவியர் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். “இது என்னங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அரைமணி நேரம் பேசுவார். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவரும் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தாத்தாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடமிருந்து போன் வந்தது.

மகன் சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். மேடவாக்கத்தில் வீடு, வீட்டுக்குக் கடன். ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள்.

“அப்பா, இவ இன்ஜினீயரிங் வேணாங்கிறா. எழும்பூர் பக்கம் இருக்கே ஆர்ட்ஸ் காலேஜ், கவின் கலைக் கல்லூரி, அங்கதான் சேருவேன்னு நிக்கிறா. நான் சொன்னா சண்டை வருது. நீங்கதான் ஊர்ல இருக்கிற எக்ஸிபிஷனுக்கெல்லாம் போறீங்களே, இவளையும் நாலு இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. எத்தனை படம் விக்குது, எத்தனை பேர் வந்து பாக்குறாங்கன்னு நேர்ல பார்த்தா அவளுக்கே புரிஞ்சிடும்.”

“சரிப்பா” என்று சொல்லி போனை வைத்தார் தாத்தா. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அந்தக் கல்லூரியைப் பற்றி அவர் வீட்டில் யாருக்கும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. 1974. எஸ்.எஸ்.எல்.சி முடித்த கையோடு அயனாவரத்திலிருந்து நடந்தே பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போய், அந்தக் கல்லூரியில் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தார். மளிகை மண்டியில் கணக்கு எழுதிய அவருடைய அப்பா அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “படம் வரைஞ்சா பானை கொதிக்குமா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். வீட்டில் இவருக்குக் கீழே மூன்று தங்கைகள். பதில் சொல்லத் தெரியாமல், படிவத்தை நான்காக மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தார். நான்கு வருடத்தில் மின்வாரிய வேலை வந்தது. தங்கைகளின் கல்யாணம் நடந்தது. பானை கொதித்தது. அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை.

இப்போது, அப்பா கேட்ட அதே கேள்வியைப் பேத்தியிடம் கேட்க அவரை அனுப்புகிறார்கள்.

இரண்டு நாள் யோசித்தார். பேத்தியிடம் ‘போகாதே’ என்று சொல்லவும் கூடாது, ‘போ’ என்று சொல்லவும் கூடாது. இருப்பதை இருக்கிறபடி காட்டிவிடுவது. கூட்டல் கழித்தல் அவளே போட்டுக்கொள்ளட்டும். காலண்டரில் நான்கு சனிக்கிழமைகளைச் சுற்றி வட்டம் போட்டார்.

முதல் சனிக்கிழமை கேலரி எதற்கும் போகவில்லை. மெரினாவுக்குப் போனார்கள். உழைப்பாளர் சிலை முன்னால் நிறுத்தினார்.

“சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன் தாத்தா” என்றாள் பேத்தி.

“பஸ்ஸுல போறப்ப பார்த்திருப்பே. இப்போ சுத்தி வந்து பாரு.”

அவள் சுற்றி வந்தாள். பாறையை நெம்பும் நான்கு பேர். முதுகில், தொடையில், கெண்டைக்காலில் திரண்டு நிற்கும் சதை. இதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அவள் சேர ஆசைப்படும் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் என்றார் தாத்தா. கல்லூரியின் காவலாளி ஒருவர்கூட இதற்கு மாதிரியாக நின்றார் என்று சொல்வார்கள். 1959-லிருந்து இங்கே நிற்கிறது. வாசலும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது.

“அந்தக் காலேஜை 1850-ல ஆரம்பிச்சது யாரு தெரியுமா? அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர்.”

“இதை அப்பாகிட்ட சொல்லணும்” என்று சிரித்தாள் பேத்தி. “டாக்டருக்குப் படிச்சவரே ஆர்ட் ஸ்கூல்தான் ஆரம்பிச்சிருக்காரு.”

இரண்டாவது சனிக்கிழமை ஈஞ்சம்பாக்கம், சோழமண்டல ஓவியர் கிராமம். தாத்தா இரண்டு பஸ் மாறினார், இரண்டு டோக்கன் போனது. பேத்திக்கு மகளிர் இலவசப் பேருந்து. “உனக்குக் கணக்கே இல்லை பாரு” என்றார்.

இந்த இடத்துக்கு அவளை அழைத்து வந்ததற்குக் காரணம் இருந்தது. அறுபதுகளில் அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த மாணவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைய மெட்ராஸில் படம் வாங்க ஆள் குறைவு. அவரும் மாணவர்களும் சேர்ந்து பாத்திக் துணி செய்து விற்றார்கள். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் வேலை. அந்தக் காசில் கடற்கரை ஓரம் நிலம் வாங்கி, 1966-ல் இந்தக் கிராமத்தை உண்டாக்கினார்கள். கைத்தொழில் வயிற்றுக்கு, மிச்ச நேரம் ஓவியத்துக்கு. இதுதான் ஏற்பாடு. இன்றைக்கு அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, கண்காட்சிக் கூடமும் இருக்கிறது.

“அப்போ பானை கொதிச்சது பாத்திக்ல” என்றார் தாத்தா.

“என்ன பானை தாத்தா?”

“ஒண்ணுமில்ல, வா.”

அருங்காட்சியகத்தில் பேத்தி ஒரு படத்தின் முன்னால் நகராமல் நின்றாள். தாத்தா பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். “புரியுதா?” என்று கேட்கவில்லை. பல வருடமாகப் போய் வந்ததில் அவர் கற்றுக்கொண்டது அது. புரிகிறதா என்று கேட்டால் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பதில் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்றாவது சனிக்கிழமைதான் முக்கியமானது. நான்கு இளைஞர்கள் சேர்ந்து கூடம் எடுத்து வைத்த கண்காட்சியின் திறப்பு. நால்வருமே படிப்பை முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். விளக்கேற்றினார்கள், பேசினார்கள், டீ வந்தது. ஒரு மூலையில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா, ஒரே படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். யாராவது அந்தப் படத்தை நெருங்கினால் சற்று நகர்ந்து வழிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்ப்பார். படம் வரைந்த பையனின் அம்மா அவர் என்று சொல்லத் தேவையே இல்லை.

சில படங்களின் பெயர்ச்சீட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அப்படி இருந்தால் அந்தப் படம் விலைபோய்விட்டது என்று அர்த்தம். பேத்தி சுற்றிவந்து எண்ணினாள். முப்பத்தோரு படங்களில் இரண்டு பொட்டு.

அடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் அதே இடத்துக்கு அழைத்துப் போனார். எதிர்பார்த்தபடி கூட்டம் இல்லை. நால்வரில் ஒருவர் மட்டும் இருந்தார். தாத்தா பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தார்.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. இது என் பேத்தி. உங்க படிப்புக்கு வரணும்னு ஆசைப்படுறா. ஒரு கண்காட்சிக்கு என்ன செலவாகும், என்ன வரும்னு கொஞ்சம் சொல்லுவீங்களா?”

அந்த இளைஞர் சிரித்தார். ஒளிக்காமல் சொன்னார். கேன்வாஸ், பெயின்ட், பிரேம், கூட வாடகை, அழைப்பிதழ், படங்களை ஏற்றிவர வண்டி. நால்வரும் பங்கு போட்டதால் சமாளிக்க முடிந்தது. தனியார் கேலரி என்றால் வாடகை கேட்க மாட்டார்கள், ஆனால் விற்றால் விலையில் ஒரு பெரிய பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதில் தப்பில்லை, வாங்குகிறவர்களை அவர்கள்தான் அழைத்து வருகிறார்கள். அவருடைய படம் இதுவரை ஒன்றும் போகவில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலை. ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் சொந்தப் படம்.

பேத்தி எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். கடைசியில் கூட்டிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் வாடியது.

“அப்புறம் ஏன் அண்ணா இதைப் பண்றீங்க?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சுவரில் இருந்த தன் படங்களை ஒரு முறை பார்த்தார்.

“வரையாம ஒரு வருஷம் இருந்து பார்த்தேன்மா. வேலைக்குப் போனேன், சம்பளம் நல்லாத்தான் வந்துச்சு. வீட்டுல யார்கூடயும் பேசவே பிடிக்கல. அதான் திரும்பி வந்துட்டேன்.”

தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் பேத்தி பேசவே இல்லை. புரசைவாக்கம் தாண்டும்போது கேட்டாள். “தாத்தா, அப்பா சொல்லித்தானே இதெல்லாம் காட்டுறீங்க? நான் வேணாம்னு சொல்லணும்னுதானே?”

“அவன் சொன்னது உண்மை. நான் காட்டினதும் உண்மை. நீ எழுதின கணக்கும் உண்மைதான் கண்ணு. எதையும் மறைக்கல.”

“அப்போ நீங்க என்ன சொல்றீங்க?”

“நாலாவது சனிக்கிழமை பாக்கி இருக்கில்ல?”

நான்காவது சனிக்கிழமை எந்தக் கண்காட்சியும் இல்லை. வில்லிவாக்கம் வீட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வாங்கிய அந்தப் படிவம் மடிப்பு ஒவ்வொன்றிலும் கிழிந்து நான்கு துண்டாகியிருந்தது. தரையில் வைத்துச் சேர்த்துக் காட்டினார். பெயர் என்ற இடத்தில் மட்டும் அவர் பெயர் இருந்தது. மற்றதெல்லாம் காலி.

சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்த பாட்டி அப்படியே நின்றுவிட்டார். “நாப்பது வருஷத்துக்கு மேல கூட இருக்கேன். எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க.”

“சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்.”

பாட்டி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்தார். பிறகு தன் மொபைலை எடுத்து, அந்த நான்கு துண்டையும் போட்டோ பிடித்து மகனுக்கு அவரே அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் மகன் கூப்பிட்டார். ஏதோ சத்தம் போடப்போகிறார் என்று பேத்தி நினைத்தாள். ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை.

“அப்பா… என் பயாலஜி ரெக்கார்ட் நோட்டுல எல்லாப் படமும் நீங்கதானே வரைஞ்சீங்க. ஆபீஸ்லேர்ந்து வந்து ராத்திரி உட்கார்ந்து. இதயம், தவளை, செம்பருத்திப் பூ.”

“ஆமா. செம்பருத்திக்கு உங்க மிஸ் ‘வெரி குட்’ போட்டாங்க.”

“எனக்குப் போட்டாங்கன்னு நினைச்சேன்பா இவ்வளவு நாளா.”

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு நடந்தது. தாத்தா, பேத்தி எழுதிய கணக்கை முழுதாகப் படித்துக் காட்டினார். செலவையும் சொன்னார், முப்பத்தொன்றில் இரண்டு பொட்டு என்பதையும் சொன்னார். பள்ளிக்கூட வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் வரையும் அந்தப் பையனைப் பற்றியும் சொன்னார். ‘அவளைச் சேர்த்துவிடு’ என்று கேட்கவில்லை. “எங்கப்பா ஒரு கேள்வி கேட்டாரு. நான் பதில் தேடிப் பார்க்காமலே ஒத்துக்கிட்டேன். இவ தேடிப் பார்த்திருக்கா. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார்.

மகன் உடனே சம்மதித்துவிடவில்லை. கடன் தவணை கட்டுகிற தகப்பனுக்கு அவ்வளவு சுலபமாக வாய் வராது. “நுழைவுத் தேர்வுல வரைஞ்சு காட்டணுமாமே. எழுதட்டும். இன்ஜினீயரிங் கவுன்சலிங்கும் போடட்டும். வந்தப்புறம் உட்கார்ந்து பேசலாம்” என்றார். பேத்திக்கு இதுவே பெரிய விஷயம். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பாட்டி முதுகைத் தடவிக்கொண்டே, “இதையும் ஒரு படமா வரைஞ்சிடு” என்றார்.

அடுத்த வாரம் அந்த நால்வரின் கண்காட்சிக்குக் கடைசி நாள். மாலையில் தாத்தா, பாட்டி, பேத்தி மூவரும் கிளம்பினார்கள். பாட்டிக்கு இதுதான் முதல் முறை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு, கையில் ஹெல்மெட்டுடன் தயங்கி நின்றிருந்தார். சோழிங்கநல்லூரிலிருந்து நேராக வண்டியில் வந்திருந்தார் மகன்.

“டிக்கெட் எங்கப்பா வாங்கணும்?” என்று கேட்டார்.

காவலாளி தாத்தாவைப் பார்த்துச் சிரித்தார். தாத்தா மகனின் தோளில் கைவைத்து உள்ளே அழைத்துப் போனார். பேத்தி முதலில் ஓடிப்போய்ப் பெயர்ச்சீட்டுகளை எண்ணினாள். இரண்டு, நான்காகியிருந்தது. டிராயிங் மாஸ்டரின் படம் ஒன்றின் பக்கத்திலும் ஒரு பொட்டு. வாசலில் இருந்த வருகையாளர் நோட்டில் பாட்டி தன் பெயரை எழுதி, கருத்து என்ற இடத்தில், ‘நன்றாக இருக்கிறது. அந்த அம்மாவுக்குச் சொல்லவும்’ என்று எழுதினார்.

இந்த மாதக் காலண்டரில் சிவப்பு வட்டங்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. டோக்கன் கணக்கு உதைக்கிறது. அவற்றுக்கு நடுவே ஒரு தேதியைச் சுற்றி மட்டும் பென்சிலால் ஒரு வட்டம். பேத்தி போட்டது. நுழைவுத் தேர்வு நாள் அது.

“ஏன் பென்சில்ல போட்டிருக்கே?” என்று பாட்டி கேட்டார்.

“அப்பா இன்னும் முழுசா சரின்னு சொல்லலியே பாட்டி. சொன்னதும் அவரையே சிவப்புல போடச் சொல்லப்போறேன்.”

சிவப்புப் பேனாவை அவள் எடுத்துப்போய்விடப் போகிறாள் என்று தாத்தா அதைக் காலண்டர் ஆணியிலேயே நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.